நூர்ஜஹான் வீட்டுப் பச்சை ஓணான்

ஓசூரில் பாகலூர் சாலையில் புதிதாக ஒரு பிராணிகள் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வந்தவர்கள் உட்கார மெத்தை வைத்த நாற்காலி. வாசலில் பெரிய பலகை: நாய், பூனை, பறவை, ஊர்வன. போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்கப் போனவன் அந்தக் கடைசி வார்த்தையைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். ஊர்வனவற்றுக்கும் ஒரு டாக்டராம். நான் கம்பவுண்டராக இருந்த அரசு கால்நடை மருத்துவமனையில் நோயாளிப் பதிவேட்டில் பசு, எருமை, ஆடு, கோழி, நாய் என்று கட்டம் போட்டிருக்கும். கடைசியில் 'இதர' என்று விரல் அகலத்துக்கு ஒரு கட்டம். கிளி ஜோசியக்காரரின் கிளியும் சர்க்கஸ் குரங்கும் அந்தக் கட்டத்துக்குள்தான் ஒண்டிக்கொள்ள வேண்டும். பச்சை ஓணான் ஒன்றும் அதில் இரண்டு முறை ஏறியது. இரண்டு முறையும் அதை ஏற்றியவன் நான்தான், இரண்டாம் முறை தப்பாக.

அதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. என்னோடு வேலை பார்த்தவர்கள் விசேஷங்களில் பார்த்தால், "மாதையன், அந்த ஓணான் கதையச் சொல்லுப்பா" என்பார்கள். சிரிப்பு வருகிற பகுதியை மட்டும் சொல்லுவேன். மிச்சம் இதில் இருக்கிறது.

எனக்கு ஊர் கல்லாவி. எழுபதுகளில் பயிற்சி முடித்து ஊசிப் பெட்டியும் சைக்கிளுமாக ஊர் ஊராக அலைந்து, பிறகு ஓசூருக்கு வந்து சேர்ந்தேன். கற்றதெல்லாம் மாடு. கன்று போட்ட பசு எழுந்திருக்க முடியாமல் கிடக்கும், கால்சியம் பாட்டிலைக் கழுத்து நரம்பில் ஏற்றினால் பாட்டில் தீர்வதற்குள் எழுந்து நின்று சாணி போடும். வீட்டுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இப்படி நாலு முறை கும்பிடு வாங்கியவனுக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போகும். எனக்கும் போயிற்று. மாடு உள்ளே வரும்போதே அதன் நடையைப் பார்த்து நோயைச் சொல்லுவேன். சினை ஊசி போட்டே கை காய்த்தவன் என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன்.

எண்பதுகளின் பாதியில் எங்களுக்கு ஒரு டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார், அவசரப்பட்டால் மட்டும் கன்னடம் எட்டிப் பார்க்கும். ஒல்லியான ஆள், குரல் உயராது. அவர் வந்த முதல் நாளே எனக்கு அவர் மேல் பயம் வந்துவிட்டது. நான் ஒரு பசுவைப் பார்த்து, "வயிறு உப்புசம்மா" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்வல்ப இருங்க" என்றார். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் பசுவைப் பார்த்தார். தொடவில்லை. பிறகு மாட்டுக்காரரைப் பேசச் சொல்லி, என்னை எழுதச் சொன்னார். அதற்கப்புறம்தான் மாட்டின் மேல் கை வைத்தார்.

எழுதுவதில்தான் கறார். பதிவேட்டின் வலது பக்கம் நம் கணிப்பு, மருந்து. இடது பக்கம் உரிமையாளர் சொன்னது, சொன்னபடியே. "மாடு 'ங்கொய்'னு கத்துது" என்றால் 'ங்கொய்' என்றே எழுத வேண்டும். நான் ஒரு முறை அதை 'குரல் மாற்றம்' என்று எழுதினேன். கூப்பிட்டுக் கேட்டார்.

"அவர் குரல் மாற்றம்னு சொன்னாரா?"

"இல்லீங்கம்மா. ங்கொய்னு சொன்னாரு."

"மாடு நம்மகிட்டப் பேசாது மாதையன். வளக்கறவர்தான் பேசுவார். அவர் பேசறதையும் நீங்க திருத்திட்டா எனக்கு என்ன மிச்சம்?"

இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று அன்றைக்கு வெளியே வந்து முணுமுணுத்தேன்.

அவர் வந்து இரண்டு வருடம் இருக்கும், நூர்ஜஹான் வந்தாள். காய்கறிக் கூடையில் ஈரத் துண்டு போட்டு மூடி எதையோ கொண்டுவந்திருந்தாள். கோழியாக்கும் என்று துண்டை விலக்கினேன். கை நீளத்துக்கு ஒரு உடம்பு, அதைவிட நீளமாக வால், முதுகு நெடுக முள், தாடைக்குக் கீழே தொங்குகிற தோல். என்னை ஒரு கண்ணால் பார்த்தது. நான் பின்வாங்கியதில் ஸ்டூல் விழுந்தது.

"கடிக்காதுங்கண்ணா, பச்சையப்பன் சாது" என்றாள்.

அவளுக்கு ஊர் சிங்காரப்பேட்டை. புருஷன் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், மத்திகிரியில் லைன் வீடு. அந்தத் தொழிற்சாலையில் மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் வீட்டில் அவள் சமையல் வேலை செய்தாள். இந்த ஓணான், இக்வானா என்கிற வெளிநாட்டு ஜாதி, அவர் வளர்த்தது. ஊருக்குத் திரும்பும்போது அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அதற்கு ஏதோ ஆம்பளைப் பெயர் வைத்திருந்தாராம். அது வாயில் நுழையாததால் இவள் பச்சையப்பன் என்று மாற்றிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தார். ஓணானும் அவரைப் பார்த்தது. பிறகு நூர்ஜஹான் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஜன்னலோரமாக, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வைத்திருக்கிறாள், நல்ல வெயில் வரும். பால் சோறும் அவித்த முட்டையும் ஊட்டுகிறாள். கொஞ்ச நாளாக நடக்கும்போது கால் நடுங்குகிறது. ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு, "ஆம்பளதாம்மா, அந்த சார் சொன்னாரு" என்றாள். அதையும் இடது பக்கம்தான் எழுதச் சொன்னார் டாக்டரம்மா.

பிறகு துண்டோடு தூக்கினார். ஒரு கை முன்னங்காலுக்குப் பின்னால், ஒரு கை இடுப்பில். வாலைப் பிடிக்கவே கூடாது, பிடித்தால் பல்லி மாதிரி முறித்துப் போட்டுவிட்டுப் போய்விடும் என்றார். கீழ்த்தாடையை மெல்ல அழுத்தினார். எலும்பு ரப்பர் மாதிரி வளைந்தது. நான் உடனே கால்சியம் பாட்டிலை எடுத்தேன்.

"வெய்யுங்க அதை. மாட்டு ஊசி போட்டா நெஞ்சு நின்னுடும்."

தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதவர் அவர். நூர்ஜஹானிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து பெங்களூர் போய் ஒரு நூலகத்தில் தேடியிருக்கிறார். "ஒரே பக்கம்தான் இருந்தது" என்று அதைக் கையால் எழுதிக்கொண்டு வந்தார். கண்ணாடி வழியாகச் சூடு வரும், எலும்புக்கு வேண்டியது வராது. அதனால் தினமும் வெளியே நேர் வெயில், பக்கத்திலேயே ஒதுங்க நிழல். பாலும் முட்டையும் வேண்டாம், அது இலை தின்கிற ஜாதி. முருங்கை, அகத்தி, செம்பருத்தி, மல்பெரி. எங்கள் பக்கம் பட்டுப்பூச்சிக்காரர்கள் தோட்டத்தில் மல்பெரிக்கு என்ன பஞ்சம்? ரோஜாத் தோட்டத்து இலை மட்டும் கூடவே கூடாது, முழுக்க மருந்தடித்தது. மார்கழிக் குளிரில் கூடைக்கு மேல் குண்டு பல்பு. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சமையல் மேடையில் விடக்கூடாது.

"இவ்வளவு பண்ண முடியுமாம்மா உங்களால?" என்று கேட்டார்.

"ஏரியில விட்டுருன்னு எல்லாருஞ் சொல்றாங்கம்மா. எனக்கு மனசு வரல. நான் எந்திரிச்சா அதுவும் தலையத் தூக்குது."

"ஏரியில விட்டா செத்துப் போகும். இல்லேன்னா ஏரியில இருக்கறதைக் கொல்லும். ரெண்டும் தப்பு. வெச்சுக்கிட்டா கடைசி வரைக்கும் பாத்துக்கணும்."

நாலே மாதத்தில் தாடை கெட்டியாயிற்று, கால் நடுக்கம் நின்றது. அந்தக் கதை ஊரில் பரவி, ஒரு நாள் ஒருவர் உடும்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார், இதையும் வளர்க்கிறேன், மருந்து சொல்லுங்கள் என்று. டாக்டரம்மா கட்டை அவிழ்க்கச் சொன்னார், வன அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார். நம் காட்டு உடும்பைப் பிடிப்பதே குற்றம் என்று அவர் மெல்லிய குரலில் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர் மதிலேறிக் குதித்துவிட்டார். விசேஷ வீடுகளில் நான் இத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

மறு வருடம் தை மாதம் டாக்டரம்மா கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் பத்து நாள் கிராமங்களுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் நான்தான் எல்லாம். வாசலில் இருபது மாடு நிற்கிறது. அப்போது கூடையோடு நூர்ஜஹான் வந்தாள், முகம் வாடியிருந்தது.

"மூணு வாரமா எதுவுமே தின்னலைங்கண்ணா. வயிறு மட்டும் உப்பிட்டே போவுது. மூலை மூலையாப் போயி பறண்டுது. அரிசி டிரம்முக்குப் பின்னால போயி பறண்டிப் பறண்டி நகமெல்லாம் ரத்தம்."

வயிற்றைத் தடவிப் பார்த்தேன். உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. எனக்கு எல்லாம் தெரியுமே! சாணி இறுகிவிட்டது என்று முடிவு கட்டினேன். இடது பக்கம் 'தீனி எடுக்கவில்லை, மலச்சிக்கல்' என்று எழுதினேன். மூலையில் பறண்டியதை எழுதவில்லை. அரிசி டிரம்மை எவன் எழுதுவான் என்று நினைத்தேன். மலம் இளகப் பாரஃபின் எண்ணெய் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் பறண்டுவதைச் சொன்னாள். "வயித்து வலிம்மா, அதுக்குத்தான்" என்று நானும் ஒவ்வொரு முறையும் அவள் வாயை அடைத்தேன். எண்ணெய் போயிற்றே தவிர வயிறு குறையவில்லை. வால் அடியில் சதை வற்றி எலும்பு தெரிய ஆரம்பித்தது.

டாக்டரம்மா திரும்பி வந்த திங்கட்கிழமை முதலில் பதிவேட்டைப் படித்தார். அன்றைக்கு ஓணான் அவருக்கு முன்னால் சோர்ந்து படுத்திருந்தது, அவர் பார்த்த பத்து நிமிடத்தில் பறண்டவில்லை. நூர்ஜஹானிடம் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள், "வயித்து வலிதாம்மா" என்று நான் சொல்லிக்கொடுத்ததையே சொன்னாள். வயிற்றைத் தடவிய டாக்டரம்மா முகம் சுருங்கிற்று.

"எண்ணெய் இவ்வளவு கொடுத்தும் போகலைன்னா இது மலம் இல்ல. கட்டியா இருக்கலாம், கல்லா இருக்கலாம். வியாழக்கிழமை காலையில திறந்து பார்க்கணும்."

"பொழைக்குமாம்மா?"

"நான் இதுவரைக்கும் பண்ணதில்ல. மயக்க மருந்தே தாங்குமான்னு தெரியல. அப்படியே விட்டாலும் போயிடும். பொழைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்."

நூர்ஜஹான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. துண்டுக்குள் கையை விட்டு அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு என்னவோ போலிருந்தது. பெரிய மாடுகள் சாவதையே பார்த்தவன், ஒரு ஓணானுக்கு என்ன என்று தேற்றிக்கொண்டேன்.

பிட்டோசின் ஊசி போட்டு உள்ளே இருப்பதைத் தள்ளிவிடலாமா என்று நடுவில் கேட்டேன். மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழாவிட்டால் நாங்கள் போடுவது அது. "வெளிய வர வழி இல்லாம தள்ளினா உள்ளே கிழியும்" என்றார். வியாழக்கிழமை வரைக்கும் வாய் வழியாகக் கால்சியம் மட்டும் கொடுக்கச் சொன்னார்.

மயக்க மருந்துக்கு எடை சரியாகத் தெரிய வேண்டும். ஆகவே புதன்கிழமை மத்தியானம் காய்கறித் தராசை எடுத்துக்கொண்டு நான் மத்திகிரிக்குப் போனேன். அவள் வீட்டுக்குள் அதுதான் முதல் தடவை. ஒரே அறை, பின்னால் சின்ன முற்றம், எல்லாம் சிமெண்டு. ஓணான் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். சுவரும் தரையும் சேருகிற மூலையில் சிமெண்டு வெள்ளை வெள்ளையாகக் கீறியிருந்தது. கோடு கோடாக, நூற்றுக்கணக்கில், நடுவில் காய்ந்த ரத்தம். நான் பார்க்கப் பார்க்கவே அது முன்னங்காலால் வாரி வாரிப் பின்னால் தள்ளியது, அங்கே வாருவதற்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

வயிற்று வலிக்காரன் இப்படிச் செய்ய மாட்டான். அது எனக்கே தெரிந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"சொல்லிட்டேதானுங்கண்ணா இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சுட்டது. "எனக்கு ஒண்ணு தோணுது. சொன்னா சிரிப்பீங்க."

"சொல்லு."

"சிங்காரப்பேட்டையில எங்கூட்டுக் கோழி முட்டைக்கு வந்தா இப்படித்தான் மூலை தேடும். இது மண்ணு தேடுதோன்னு."

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். "ஏம்மா, முதல்ல இது ஆம்பள. பொம்பளையாவே இருந்தாலும் ஜோடி வேணுமில்ல? சேராம சினை எங்கிருந்து வரும்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்ணா, ஆஸ்பத்திரியில இருக்கீங்க. கோழிப்பண்ணையில ஆயிரம் கோழி முட்ட போடுது. அங்க எத்தன சேவல் இருக்குது?"

தராசைக் கீழே வைத்தேன். ஒரு சேவலும் கிடையாது. வாரம் தவறாமல் அந்தப் பண்ணைகளுக்குத் தடுப்பு மருந்து கொண்டுபோனவனே நான்தான். சேவல் சேராத கோழியும் முட்டை போடும், குஞ்சுதான் வராது. மாட்டை வைத்தே உலகத்தை அளந்தவனுக்கு அது தோன்றவே இல்லை. ஆம்பளை என்று சொன்னவரும் ஓணானைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு மெஷின் இன்ஜினியர்தானே. குனிந்து வயிற்றைத் திரும்பத் தடவினேன். கட்டி கட்டியாக இருந்ததெல்லாம் ஒரே அளவில் இருந்தன. உருண்டையாக, வரிசையாக.  நாளைக் காலை இதைத்தான் கத்தி வைத்துத் திறக்கப் போகிறோம்.

முற்றத்தில் துணி அலசுகிற பெரிய தகரத் தொட்டி இருந்தது. எதிரே கட்டிக்கொண்டிருந்த வீட்டில் கேட்டு மணலும், காலி மனையிலிருந்து செம்மண்ணும் வாரிக் கலந்தோம். பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரத்துக்குத் தண்ணீர் தெளித்தாள். முழங்கை ஆழத்துக்கு நிரப்பி, வெயில் படுகிற இடத்தில் வைத்து, பாதியைச் சாக்கால் மூடினோம். ஓணானைத் தூக்கி உள்ளே விட்டேன். நாக்கால் மண்ணைத் தொட்டது. இரண்டு முறை. பிறகு தோண்ட ஆரம்பித்தது பாருங்கள், மண் என் சட்டையில் வந்து விழுந்தது. நூர்ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சைக்கிளில் திரும்பி வரும்போது வேறு கவலை பிடித்தது. டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வது? நூர்ஜஹானுக்கு இன்றைக்குத்தான் ஞாபகம் வந்ததாம் என்று சொல்லிவிடலாம். அவள் மறுக்கவும் மாட்டாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதைத்தான் சொல்லப்போவதாக இருந்தேன். உள்ளே அவர் மேஜையில் பெங்களூரில் எழுதி வந்த அந்த ஒரு பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, பதிவேட்டில் என் எழுத்துக்குக் கீழே விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அம்மா, அந்தம்மா முதல் நாளே சொன்னாங்க. மூலையில பறண்டுதுன்னு. நாந்தான் எழுதல."

"என்ன சொன்னாங்க? அவங்க சொன்னபடி சொல்லுங்க."

சொன்னேன். டிரம், நகம், ரத்தம், கோழி, சேவல் எல்லாம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். நான் என் எழுத்தை அடித்துவிட்டு இடது பக்கத்தில் திரும்ப எழுதினேன்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பார்ப்போம்" என்றார். "முட்டையா இருந்து, அதுவா போட்டுட்டா சரி. இல்லேன்னா திறக்கத்தான் வேணும்."

வியாழக்கிழமை காலை அறுவைப் பெட்டியோடு இரண்டு பேரும் மத்திகிரி டவுன் பஸ் ஏறினோம்.  முற்றத்தில் தொட்டிக்கு மேல் வால் நுனி மட்டும் தெரிந்தது. வாசற்படியில் அவள் புருஷன் ஷிப்டுக்குப் போகாமல் நின்றிருந்தார். டாக்டரம்மா தள்ளி உட்கார்ந்தார். தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று சைகை காட்டினார். பத்து மணி, பதினொன்று. வால் அசைவதும் நிற்பதுமாக இருந்தது. நான் அதன் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தேன். நின்றுவிட்டால் கொன்றவன் நான். வேறு யாரும் இல்லை.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மண் குமிழ்ந்தது. முகமெல்லாம் சேறாக ஓணான் பின்னால் பின்னால் நகர்ந்து வெளியே வந்தது. வயிறு ஒட்டி, காலிச் சாக்கு மாதிரி தோல் தொங்கியது. டாக்டரம்மா எழுந்து, கையை மண்ணுக்குள் விட்டார். வெள்ளையாக, தோல் முட்டை, பெரிய நெல்லிக்காய் அளவு. ஒன்று, இன்னொன்று. நான் எண்ணினேன். முப்பத்தொன்று. அத்தனையையும் இவ்வளவு நாள் சுமந்துகொண்டு சிமெண்டில் இடம் தேடியிருக்கிறது. வயிற்றைத் திரும்பத் தடவி, ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டரம்மா தலையாட்டினார். அந்த வருடத்திலிருந்து நூர்ஜஹான் தை பிறந்தால் தொட்டியில் மண் நிரப்பி வைத்துவிடுவாள்.

ஓணான் தண்ணீர்த் தட்டுக்குப் போய் முகத்தை முக்கிக் குடித்தது. நூர்ஜஹான் ஒரு செம்பருத்திப் பூவை நீட்டினாள். முகர்ந்தது, லபக்கென்று பிடுங்கியது. "தின்னுதுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் அவள் அழுதாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல் இருந்தது. சிரிப்பும் வந்தது. தூணில் சாய்ந்துகொண்டேன்.

டாக்டரம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு அந்தச் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்து, ஈரக் கைகளைத் தூக்கி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டினார். இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"திங்கட்கிழமையிலிருந்து இப்படித்தான் மாதையன்" என்றார். "இந்தக் கைய வெச்சுக்கிட்டுத்தான் இன்னிக்குத் திறக்க வந்தேன். நீங்க சொல்லாம இருந்திருந்தா நான்தான் கொன்னிருப்பேன்."

 அவர் பக்கத்தில் தரையில் நானும் உட்கார்ந்தேன். அவர் வந்த நாளிலிருந்து எனக்கு அவர் மேல் இருந்த பயம் அன்றைக்குப் போயிற்று. அதற்கப்புறம் என் எழுத்தை அவர் ஒரு முறைகூடச் சரிபார்க்கவில்லை.